புது பிரேக்கின் முதல் மிதி

நீங்கள் இவ்வளவு நேரம் சொன்ன பேய்க்கதையெல்லாம் யாரோ ஒருவனின் மச்சானுக்கு நடந்தது. இது எனக்கு நடந்தது. லாம்பைக் குறைக்க வேண்டாம்.

எழுபத்து நாலாம் வருசம். பின்னேரம் ஆறு மணி. பதுளைப் பக்கம், ஹாலிஎலவுக்கு மேலே ஒரு தோட்டத்து ரோட்டு... ஒரு பக்கம் மலை, மறுபக்கம் தேயிலைப் பள்ளம். மழை விட்டு மூட்டம் இறங்கியிருந்தது.

தோட்டத்து உதவி மேனேஜர் சின்னத் துரையிடம் ஒரு மினி கூப்பர் இருந்தது. நுவரெலியாவில் மலையேறும் பந்தயத்துக்கு ஓட்டுவார். முன் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக். டிஸ்க் தேய்ந்து தகடாகிவிட்டது. அந்த நாளில் வண்டிச் சாமான் இறக்குமதி இல்லை. கப்பலில் வந்த யாரோ ஒருவர் கையில் புது டிஸ்க்கும் பந்தயத்துக்கான பிரேக் பேடும் வரவழைத்தார். மாட்ட என்னைக் கூப்பிட்டார். நான் பதுளையில் லொறி திருத்துகிற பாஸ். டிரம் பிரேக்கில் பழகிய கை. இது தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

துரையின் டிரைவர் அழகர் பக்கத்தில் நின்றான். பேட் பெட்டிக்குள் இங்கிலீசில் ஒரு தாள்.

"இத்ரூஸ் நானா, வாசிக்கட்டுங்களா? கொஞ்சம் கொஞ்சம் வரும்."

"பெரிய லோயர். நீ எனக்கு வேலை படிச்சுத் தாறியா?"

"கோவிக்காதீங்க. லொறிக்கும் இதுக்கும் தூரத்து ஒறவு கூட இல்லன்னு தொரை சொன்னாரு."

நான் யாரையும் நம்புகிற ஆள் இல்லை. எனக்கு வாசிக்கத் தெரியாததைக் குத்திக் காட்டுகிறான் என்று பட்டது. தாளைப் பறித்து, கையில் இருந்த கிரீஸைத் துடைத்து எறிந்தேன்.

புது பேட் தடிப்பு. அது உட்கார, பேடை டிஸ்க்கில் அழுத்துகிற பிஸ்டனைக் கிளாம்ப் வைத்து உள்ளே தள்ள வேண்டும். தள்ளினேன். பிறகு, வண்டியை அசைக்க முன்னே, பெடலை நாலைந்து தரம் மிதித்துப் பிஸ்டனைத் திரும்ப வெளியே கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் முதல் மிதி வெறும் மிதி, பிரேக் பிடிக்காது. அதுதான் தாளில் இருந்ததாம். பிறகு தெரிந்துகொண்டேன். அன்றைக்கு நான் மிதிக்கவில்லை.

"சரி, கொண்டு போ. நான் பஸ்ஸைப் பிடிக்கணும்."

வேலை செய்த ஷெட் மேட்டில். துரை பங்களா கீழே. அழகர் வண்டியை இறக்கினான். முதல் வளைவு வரை எஞ்சின் சத்தம்... வளைவில் டயர் கிறீச்சிடவே இல்லை. தேயிலைச் செடி முறிகிற சத்தம்தான். சட... சட... சட... பிறகு ஒன்றுமில்லை. பெற்றோல் மணம்.

முதலில் போய்ச் சேர்ந்தது நான்தான். அழகர் ஸ்டியரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவில். கண் திறந்திருந்தது. உயிர் இருந்தது. நான் அவனைத் தூக்கவில்லை. அவன் காலுக்குப் பக்கத்தில் கையை விட்டு பெடலை அழுத்தினேன். பொதக்கென்று போனது. மறுபடி... மறுபடி... கல்லாக இறுகியது. அதுவரை அவன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பார்க்கவில்லை.

துரை ஓடி வந்தார்.

"பிரேக்கை அமத்திப் பாருங்க, நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

குடித்திருப்பான் என்று யாரோ சொன்னார்கள். நான் மறுக்கவில்லை.

குடித்துவிட்டுத் துரையின் வண்டியை விழுத்தியவன் பெண்டாட்டிக்குத் தோட்டத்து லயத்து ஒற்றையறைக் காம்பராவில் இடம் இல்லை என்றார்கள். கருப்பம்மா என் கராஜுக்கு வந்தாள்.

"அவரு குடிக்க மாட்டாரு நானா. நீங்க தொரைகிட்ட ஒரு வார்த்த சொன்னா காம்பராவ விட்டு வெரட்ட மாட்டாங்க."

"பாப்பம்" என்றேன்.

எட்டு மாசம் ஒழுங்கான தூக்கம் இல்லை. கடைசியில் ஒரு பின்னேரம், மழையில் நனைந்துகொண்டு, லயத்துக்கு ஏறினேன். காம்பராக் கதவு திறந்திருந்தது. விளக்கில்லை. அடுப்பு மூலையில் ஒருத்தி முதுகைக் காட்டிக் குந்தியிருந்தாள். கருப்பம்மா என்றுதான் நினைத்தேன். ஈரச் சாம்பல் மணம். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். தாளை, பெடலை, அவன் பார்த்ததை.

"தொரைகிட்ட சொல்லுவீங்களா?"

அவள் திரும்பவில்லை. நான் செருப்பை மாட்டினேன். இறங்கிவிட்டேன்.

கீழே கங்காணி வீரய்யா டோர்ச்சோடு நின்றார்.

"யாரத் தேடுறீங்க நானா? கருப்பம்மாவ வெரட்டி ஆறு மாசமாச்சே. புள்ளைகளோட இந்தியாவுக்குப் போயிருச்சு. அந்தக் காம்பராவுக்குப் பூட்டுப் போட்டதே நான்தான்."

அல்லாஹ் அறிவான், எனக்கு முதலில் வந்தது பயமில்லை. உயிரோடு இருக்கிற ஒருவரும் கேட்கவில்லை என்கிற ஆறுதல்.

கதவு திறந்திருந்தது, உள்ளே ஒருத்தி இருந்தாள் என்றேன். வீரய்யா நம்பாமல் என்னை மேலே கூட்டிப்போனார். கதவில் பூட்டு தொங்கியது. திறந்து டோர்ச் அடித்தார். தரை முழுக்கத் தூசி. வாசலிலிருந்து அடுப்பு மூலை வரை ஈரக் காலடி. என்னுடையதுதான்... ஜாக் நழுவி நசுங்கியதில் எனக்கு இடது காலில் பெருவிரல் கிடையாது, அந்த அடியிலும் இல்லை.

உள்ளே போன அடி மட்டும் இருந்தது. வெளியே வந்த அடி இல்லை.