வாசிக்காமல் விட்ட பத்தி

எனக்குத் தட்டச்சில் பிழை வராது. கல்யாணத்துக்கு முன் துறைமுகத்துக்கு எதிரே ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் நாள் முழுக்க அடித்துப் பழகிய கை. என் கணவர் பெயரில் உங்களுக்கு வரும் மின்னஞ்சல்கள் அவ்வளவு சுத்தமாக இருப்பதற்குக் காரணம் அதுதான். அவர் சொல்வார், நான் அடிப்பேன். அவருக்குக் கண் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும், தியாகு அண்ணே. உங்களுக்குத் தெரியும் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது.

வழக்கமாக ஆங்கிலத்தில் எழுதுவோம். இன்று தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கிறேன். வாசிக்கச் சிரமமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இதை ஆங்கிலத்தில் சொன்னால் வேறு யாரோ செய்தது போல ஆகிவிடும். அவர் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். இன்றைய ஆட்டத்துக்கு அவர் சொன்ன உத்தரவுகளைத்தான் அடித்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைக்கிறார்.

அடுத்த வாரம் கோலாலம்பூரிலிருந்து பினாங்கு வருவதாகவும், கண் டாக்டரான உங்கள் சித்தப்பா மகள் ஞானாம்பிகையையும் அழைத்து வருவதாகவும், அதற்கு வீட்டு முகவரி வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். முகவரி தர முடியாது. ஏன் என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. அதனால் முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினாறு வருடம். பிள்ளை இல்லை. அவர் பாயான் லெப்பாசில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பொறியாளராக இருந்தார். கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது. குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். பேசவும் மாட்டார். வேலை விட்டு வந்தால் விண்வெளிக் கதைப் புத்தகம், அது முடிந்தால் கணினி. அவர் என்னிடம் பேசியதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் சோறு, சாவி, லைட்டை அணை என்பதற்குள் அடங்கிவிடும். அவரை நான் குறை சொல்லவில்லை. நல்ல சுவர். சாய்ந்துகொள்ளலாம், பேச முடியாது, அவ்வளவுதான்.

பிறகு நீங்கள் வந்தீர்கள். இணையத்தில் ஏதோ ஒரு விண்வெளிக் கதைக் குழுவில் இருவரும் முட்டிக்கொண்டீர்கள். பூமியிலிருந்து செய்தி வந்து சேர நூறு வருடம் ஆகும் இடத்தில் ஒரு கப்பல் தலைவன் நிற்கிறான். சண்டை முடிந்துவிட்டது என்ற செய்தி சேர்வதற்குள் ஒரு கோளையே அழித்துவிடுகிறான். அவன் குற்றவாளியா, இல்லையா? இல்லை என்றார் இவர். குற்றவாளிதான் என்றீர்கள் நீங்கள். சண்டை சூடுபிடித்தபோது நீங்கள் ‘அடடா’வுக்குப் பதில் மலாயில் ‘அலாமாக்’ என்று எழுதிவிட்டீர்கள். அட, நம்ம ஊர் ஆள் என்று தெரிந்தது, அப்புறம் தமிழர் என்றும் தெரிந்தது. அன்று கூடத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது. யாரோ வீட்டுக்குள் வந்துவிட்டார்கள் என்று நான் கரண்டியோடு ஓடி வந்தேன். அவர்தான் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொறாமையாக இருந்தது. முகம் தெரியாத ஓர் ஆம்பளைமேல் பொறாமைப்பட்டது எனக்கே வெட்கமாகத்தான் இருந்தது.

அப்புறம் உங்கள் விளையாட்டு தொடங்கியது. ஆளுக்கு இத்தனை கோள், இத்தனை படை. இருவரும் உத்தரவுகளை மின்னஞ்சலில் அனுப்புவீர்கள். எங்கோ வெளிநாட்டில் இருக்கும் ஒரு கணினி கணக்குப் போட்டு யார் எதைப் பிடித்தார், யார் எதை இழந்தார் என்று திருப்பி அனுப்பும். பிள்ளைகள் விளையாட்டு என்று நினைத்தேன். அவர் அதற்காகச் சாப்பாட்டையும் மறந்தார்.

அந்த வருடம்தான் சர்க்கரை அவர் கண்ணைப் பிடித்தது. முதலில் இடது கண்ணில் உள்ளுக்குள் ரத்தம் கசிந்தது, அப்புறம் வலது கண்ணிலும். வெளிச்சம் தெரியும், முன்னால் கை அசைந்தால் நிழலாகத் தெரியும். மற்றபடி ஒன்றுமில்லை. மருத்துவமனையில் பார்த்த டாக்டர், ரத்தம் தானாக வடியலாம், பொறுத்துப் பார்ப்போம், மறுபடி வாருங்கள் என்றார். இவர் வீட்டுக்கு வந்து, “போதும். இனிமே எவனும் என் கண்ணுக்குள்ள டார்ச் அடிக்க வேணாம்,” என்று படுத்துவிட்டார். வேலையும் போயிற்று. பல நாள் கழித்து ஒரு சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார்.

“கம்ப்யூட்டர்ல தியாகு ஏதாச்சும் எழுதியிருக்கானான்னு பாரேன்.”

எழுதியிருந்தீர்கள். வாசித்தேன். பதில் சொன்னார், அடித்தேன். “எனக்குக் கண்ணு போனது அவனுக்குத் தெரிய வேணாம்லா. தெரிஞ்சா பாவம் பார்த்து விட்டுக்கொடுப்பான்,” என்றார். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அவர் பக்கத்தில் எனக்கு ஒரு நாற்காலி.

கேரம் பலகை ஒன்றில் பொத்தான்களை ஒட்டிக் கொடுத்தேன். பொத்தான்கள் கோள்கள், புளியங்கொட்டைகள் படைகள். அவர் தடவித் தடவி யோசிப்பார். நீங்கள் அனுப்பும் கதைகளையும் சத்தமாக வாசிப்பேன். புரியாததைக் கேட்பேன், பொறுமையாக விளக்குவார். “நாம இந்தப் பக்கம் போனா தியாகு என்ன பண்ணுவான்?” என்று கேட்பார். நாம என்றார். பதினாறு வருடத்தில் அந்தச் சொல்லை நான் அப்போதுதான் கேட்டேன். அந்தத் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போனோம். அவ்வளவு கூட்டத்திலும் என் கையை அவர் விடவே இல்லை. ஒரு பந்தலில் மோர் வாங்கிக் கொடுத்தபோது, “நீ குடிச்சியா?” என்று கேட்டார். நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததே இல்லை.

உங்களுக்கு ரகசியமாக எழுதியதும் நான்தான். அதை நீங்கள் என் கணக்கில் வரவு வைக்க வேண்டும். ஒருநாள் பலகையில் கொட்டைகள் கைபட்டுச் சிதறிப்போய், எது எங்கே என்று தெரியாமல் அவர் அழுதார். எனக்குத் தாங்கவில்லை. அவர் தூங்கும்போது எல்லாவற்றையும் உங்களுக்கு எழுதினேன். மறுநாளே பதில் போட்டீர்கள்.

அவர் பக்கத்திலிருக்கும்போதுதான் அதைத் திறந்தேன். முதல் பத்தியில் படைகளைப் பற்றி எழுதியிருந்தீர்கள், வாசித்தேன். இரண்டாவது பத்தியில் ஞானாம்பிகையிடம் கேட்டதாகவும், உள்ளே தேங்கிய ரத்தத்தை அறுவை செய்து எடுத்துவிடலாம் என்றும், சில மாதத்துக்குள் செய்தால் நன்றாகவே பார்வை திரும்பும் என்றும், தள்ளிப்போட்டால் விழித்திரை பிய்ந்துவிடும், பிறகு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது என்றும் இருந்தது. கண்ணுக்குள் மின்னல் போல அடித்தாலோ, திரை இறங்குவது போல இருட்டினாலோ அன்றைக்கே கூட்டி வரச் சொல்லியிருந்தீர்கள். மறைத்து எழுதியதற்கு அவர் கோபித்தாலும் பரவாயில்லை, இதை அப்படியே வாசித்துக் காட்டுங்கள் என்று முடித்திருந்தீர்கள்.

நான் நிறுத்தினேன்.

“அவ்வளவுதானா?” என்றார்.

“அவ்வளவுதான்.”

மறுநாள் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். இதை நீங்கள் நம்ப வேண்டும். மறுநாள் காலை அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு அடுப்படி வரை வந்து, காய் நறுக்கும் சத்தத்தைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தார். சொல்ல வாய் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. ஒருநாள் தள்ளிப்போட்டவளுக்கு இன்னொரு நாள் தள்ளிப்போடுவது பெரிய வேலையாகத் தெரிவதில்லை.

நீங்கள் கேட்டீர்கள். அவருக்குப் பயம், தீபாவளி கழியட்டும் என்கிறார் என்று எழுதினேன். மறுபடி கேட்டீர்கள். பேச்சை எடுத்தாலே கத்துகிறார், இனி அவருக்கு எழுதும் கடிதத்தில் கண்ணைப் பற்றி எதுவும் வேண்டாம், எனக்குத் தனியாக எழுதுங்கள் என்றேன். நீங்கள் நல்லவர், அப்படியே செய்தீர்கள். அவர் கத்தவில்லை, அண்ணே. அவரிடம் யாரும் கேட்கவே இல்லை. மருத்துவமனையிலிருந்து மறுபடி வரச் சொல்லி வந்த தாளும் அப்படித்தான். தபாலை வாசிப்பதும் நான்தானே.

பக்கத்து வீட்டில் ஒரு அக்கா. ஹபீபா பீவி என்று வைத்துக்கொள்ளுங்கள், உண்மைப் பெயர் உங்களுக்கு வேண்டாம். அவர் ஒருநாள் வேலி ஓரமாக நின்று மகன் காரைக் காட்டி, “மவன் கெரேத்தா சும்மாதான் கெடக்கு. அண்ணனை ஒரு தடவ கண்ணு டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துருவோமேம்மா,” என்றார். டாக்டர் கைவிரித்துவிட்டார் அக்கா என்றேன். அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். அன்று எனக்கும் அழுகை வந்தது. நிஜமான அழுகைதான்.

மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் அவர் பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டு, “இடது கண்ணுல ஒரு பக்கமா திரை மாதிரி எறங்குதே,” என்றார். குரலில் பதற்றமில்லை. நீங்கள் எழுதிய அதே சொல். தொலைபேசி எட்டும் தூரத்தில் இருந்தது. கூப்பிட்டால் முதலில் டாக்டர் கேட்பது, இவ்வளவு நாள் ஏன் வரவில்லை என்பதாகத்தான் இருக்கும். அதற்கு அவர் முன்னால் நான் என்ன பதில் சொல்வது?

“அசதியா இருக்கும். மருந்து ஊத்திவிடுறேன், கொஞ்சம் படுங்க,” என்றேன்.

சரி என்று படுத்துக்கொண்டார். இரண்டு நாளில் அந்தக் கண்ணில் வெளிச்சம் கூடத் தெரியாமல் போயிற்று. அவர் யாரையும் திட்டவில்லை. “போனது போவட்டும், இன்னொண்ணு இருக்குல்ல,” என்றார். அன்று உங்களுக்கு அவர் சொன்னதாக ஒரு நகைச்சுவை அனுப்பினேனே, நீங்கள் கூட ரசித்து எழுதியிருந்தீர்கள், அது நானே எழுதியது. அதன் பிறகு இப்படி நிறைய எழுதியிருக்கிறேன். உங்கள் கடிதங்களில் இல்லாததையும் அவருக்கு வாசித்திருக்கிறேன். உங்களைப் போல எழுத எனக்கு இப்போது நன்றாகவே வருகிறது. உங்கள் படைகளை நீங்கள் எப்படி நகர்த்துவீர்கள் என்றும் தெரியும். இடது பக்கம் பயமுறுத்திவிட்டு வலது பக்கம் வருவீர்கள்.

அந்தக் கப்பல் தலைவனைப் பற்றி அடிக்கடி யோசிக்கிறேன். செய்தி சேராதவனைப் பற்றி எவ்வளவோ வாதாடினீர்கள். செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு கொடுக்காமல் இருந்தவளைப் பற்றி நீங்கள் இருவருமே பேசவில்லை. கதையில் அப்படி ஒருத்தி இல்லாததால் இருக்கலாம்.

எங்களைத் தேடிப் பயனில்லை. பினாங்கில் சர்க்கரையால் கண் போனவர்கள் எத்தனையோ பேர். நீங்கள் அறிந்தது ஒரு புனைபெயர் மட்டும்தான். தொலைபேசி அவர் பெயரிலும் இல்லை, என் பெயரிலும் இல்லை. இதை அனுப்பிய கையோடு இந்த முகவரியையும் மூடிவிடுவேன். உங்கள்மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. நீங்கள் இல்லாவிட்டால் எனக்கு அந்த நாற்காலியே கிடைத்திருக்காது.

இங்கே நிறுத்தலாம் என்று இருந்தேன். ஆனால் இப்போது அவர் பேசுகிறார். பேசுவதை அப்படியே அடிக்கிறேன்.

“என்ன இவ்வளவு நேரமா தட்டுற?”

“உங்க மூணாவது படையை எங்க நிறுத்தணும்னு விளக்கமா எழுதுறேன்.”

“அத விடு. காலையிலேருந்து வலது கண்ணுல பளிச்சு பளிச்சுன்னு மின்னல் மாதிரி அடிக்குது. உன்கிட்ட சொல்லல. பார்வை திரும்புதோ என்னமோ.”

அவர் சிரிக்கிறார். முகம் சின்னப் பையன் முகம் போல ஆகிவிட்டது. என் தோளைத் தேடிப் பிடித்துக்கொள்கிறார்.

“தியாகுகிட்ட இத்தனை நாள் மறைச்சது தப்புலா. இப்ப எழுது. எனக்குக் கண்ணு தெரியாது, இத்தனை நாளும் என் பொஞ்சாதிதான் எல்லாத்தையும் வாசிச்சான்னு எழுது. அவனுக்கு அங்க நாலு பேரைத் தெரியும். நல்ல கண்ணு டாக்டர் யாராச்சும் இருக்காங்களான்னு கேளு. அவன் சொன்னா நான் போறேன். எழுதிட்டியா?”

எழுதிவிட்டேன் என்றேன். அது பொய் இல்லை, அவர் சொன்னதில் ஒரு சொல்லைக் கூட நான் விடவில்லை, மேலே இருக்கிறது பாருங்கள். இதுவரை அவர் உங்களிடம் எதையும் கேட்டதில்லை. இப்போதுதான் கேட்கிறார்.

நாளை சாயங்காலம் அவர் குளித்து, திருநீறு பூசிக்கொண்டு வந்து உட்காருவார். உங்கள் பதிலை வாசிப்பேன். எத்தனையோ பேரிடம் விசாரித்ததாகவும், இனிமேல் எதுவும் செய்வதற்கில்லை என்று எல்லாருமே சொல்லிவிட்டதாகவும் மிகவும் வருத்தப்பட்டு எழுதியிருப்பீர்கள். கவலைப்படாதீர்கள், அண்ணே. அவர் மனம் நோகாதபடி மெதுவாகத்தான் வாசிப்பேன்.