பட்டியலில் இரண்டாவது பெயர்

தொண்ணூத்தாறு பேராம் தம்பி, தொண்ணூத்தாறு. இருந்த அறுபது பேரு என்னத்தக் கிழிச்சானுங்கன்னு... தலைய ஆட்டாத. கத்திரி காதுல பட்டுரும். ஏற்கனவே ஒரு காது நசுங்கின காலிஃப்ளவர் மாதிரி இருக்கு. ரக்பியா? தலையோட தலை முட்டித் தள்ளுவீங்களே, அந்த ஸ்க்ரம்முல முன்வரிசை? பாத்தாலே தெரியுது. நேரா உக்காரு.

என்ன சொன்னேன்... ஆங், அறுபது. கார்டிஃப்ல நம்ம வெல்ஷ் பார்லிமென்ட். வேலை ஜாஸ்தியாப் போச்சு, அறுபது ஆளு பத்தாது, தொண்ணூத்தாறு வேணும்னு சட்டம் போட்டானுங்க. யாரு போட்டது? அதே அறுபது பேரு. மூணுல ரெண்டு பங்கு பேரு கை தூக்கணும்னு விதி. தூக்கிட்டானுங்க. எனக்கும்தான் சனிக்கிழமையானா வாசல் வரைக்கும் ஆள் நிக்குது. இந்த இட்வாலுக்கு இன்னும் மூணு கை முளைக்கட்டும்னு நானே ஒரு சட்டம் போட்டுக்க முடியுமா? ரெண்டு கையாலதான வெட்டுறேன்.

இடப்பக்கம் ஆச்சு. கிருதா வேணுமா, எடுத்துரவா? எடுத்துர்றேன். இந்த வயசுல கிருதா எதுக்கு.

ஆளக் கூட்டினது கூடப் போகட்டும். தொகுதிய என்ன பண்ணானுங்க தெரியுமா. லண்டன் பார்லிமென்டுக்கு இருக்கே முப்பத்திரெண்டு தொகுதி, அத எடுத்து ரெண்டு ரெண்டா ஒட்டிட்டானுங்க. பதினாறு. ஒண்ணொண்ணுக்கும் ஆறு ஆளு. நம்ம ஹெலிக் பள்ளத்தாக்க யார் கூட ஒட்டினானுங்க சொல்லு. பெடூ கூட. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கே, அந்தப் பெடூ. எவனோ மேசையில வரைபடத்த விரிச்சுப் பாத்திருக்கான். ரெண்டு ஊருக்கும் நடுவுல விரல்கடை தூரம். மலைய பழுப்புக் கலர்ல போட்டிருப்பானுங்க பாரு, டீ கொட்டின கறைன்னு நினைச்சிருப்பான். ஒருநாள் இங்கேருந்து பஸ் ஏறி பெடூ போயிப் பாக்கச் சொல்லு. ஆத்தோட கீழ வரைக்கும் இறங்கி, அடுத்த ஆத்தோட மேல ஏறி, மழையில நனைஞ்சு... போயி என்ன இருக்கு? பெடூதான் இருக்கு.

நீ வெளியூரா? எதுவா இருந்தா என்ன, அவனுங்களப் பத்தித் தெரிஞ்சு வச்சுக்க. வெல்ஷ் கேக்குல திராட்சைய எண்ணிப் போடுறவனுங்க. ஒரு கேக்குக்கு ரெண்டு. மூணாவது கிடைச்சா தேவாலயத்துல அறிவிப்பானுங்க. பாட்டுப் போட்டியில எங்க கோஷ்டி கிட்ட தோத்துட்டு, நடுவருக்குக் காது செவிடுன்னு பேப்பர்ல எழுதினவனுங்க. எங்க கோஷ்டி பாடினது அந்த மலைக்கே கேட்டுச்சு. செவிடாம். ரக்பி மைதானம் இருக்கு, சரிவா. பந்த கீழ வச்சா அதுவே ஓடிப்போகும். அதுக்கும் நாங்கதான் ஓடினோம்னு சொல்லிக்குவானுங்க. அந்தக் காலத்துல நாங்க ஸ்க்ரம்முல இறங்கினா, உன் காது மாதிரி ஒண்ணு ரெண்டு பண்ணி அனுப்பாம விடமாட்டோம்... அசையாத. எதுக்கு இப்பத் தோள்பட்டை இறுகுது?

கோவிச்சுக்காத, எட்டி எட்டி ஜன்னல் வழியாப் பாக்குறேன்னு. ஒரு ஆள் வரணும். அது அப்புறம் சொல்றேன்.

இப்ப ஓட்டுக்கு வருவோம். முன்னாடி எப்படி? பேரு இருக்கும், அந்தப் பேருக்கு நேரா ஒரு பெருக்கல் குறி. பிடிச்சவனுக்குப் போட்டோம், பிடிக்காதவன் மூஞ்சிய நினைச்சுக்கிட்டு அடுத்தவனுக்குப் போட்டோம். இனிமே கட்சிக்குத்தான் குறி. பேரெல்லாம் கீழ சின்ன எழுத்துல, வரிசையா. அந்த வரிசைய நீயும் நானும் மாத்த முடியாது. கட்சி அனுப்பினபடிதான். நம்ம கட்சிக்கு ரெண்டு இடம் கிடைக்குற அளவு ஓட்டு விழுந்தா முதல் ரெண்டு பேரு உள்ள. மூணாவது ஆளு தேவதையா இருந்தாலும் வெளிய. இடத்தப் பிரிக்குற முறை எவனோ ஒரு பெல்ஜியக்காரன் போட்ட கணக்காம். பெல்ஜியக்காரனுக்கும் ஹெலிக்குக்கும் என்ன சம்பந்தம்?

நான் ஆதரிச்சேனான்னுதான முழிக்கிற? ஆதரிச்சேன். கட்சிக் கிளைக் கூட்டத்துல முதல்ல தூக்கின கை என்னுதுதான். ஏன்னா பேரு பாத்துப் போடச் சொன்னா பெடூக்காரன் ஹெலிக் பொண்ணுக்குச் சாகுற வரைக்கும் போடமாட்டான். கட்சின்னு ஒரே கட்டமா வச்சா வேற வழியில்ல, போட்டுத்தான ஆகணும்? அப்படித்தான் கணக்குப் போட்டேன். அந்த ஹெலிக் பொண்ணு யாருங்கிற? என் பொண்ணு. டெலித்.

போன வருஷம் மலைச்சரிவு ஈரத்துல ஊறி, பள்ளிக்கூடத்துச் சுவர் வரைக்கும் சேறு வந்துச்சே. அப்ப பூட்ஸ் போட்டுக்கிட்டு மண்வெட்டியோட முதல்ல இறங்கினது அவதான். அமைச்சர் வந்து போட்டோ எடுத்துக்கிட்டுப் போனப்பவும் அவ சேத்துலதான் நின்னா. போட்டோவுல மண்வெட்டி மட்டும் தெரியும். ஊர் முழுக்க அவளத் தேர்தல்ல நிக்கச் சொல்லுது. நிக்குறா. ஆனா ஊர் சொன்னா ஆச்சா? வரிசைய முடிவு பண்றது கட்சி உறுப்பினருங்க. அவனுங்க மட்டும் ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு பேருக்கு நேரா நம்பர் போடுவானுங்க. ஊருக்கு இல்லாத உரிமை சந்தா கட்டினவனுக்கு. நல்ல சீர்திருத்தம்.

முதல் இடம் போயாச்சு. பெடூவுல இப்ப பார்லிமென்ட் மெம்பரா இருக்குற ஆளுக்கு. அத யாரும் அசைக்க முடியாது. ரெண்டாவதுதான் மிச்சம். ரெண்டாவதா வந்தா டெலித் கார்டிஃப் போவா. மூணாவதா வந்தா இங்க வந்து முடி கூட்டுவா. அவ்வளவுதான் விஷயம்.

இன்னைக்குச் சாயங்காலம் பெடூ கிளப்ல நம்பர் போடுறானுங்க. உறுப்பினரு நம்மளவிட அங்கதான் ஜாஸ்தி. அரசியல் ஆர்வம்னு நினைக்காத. வீட்டுல ஹீட்டர் போட மனசு வராம கூட்டத்துக்கு வர்றவனுங்க. அதுல கெத்தின் ப்ரோபர்ட்னு ஒருத்தன். கிளப்ல அவன் எந்த நம்பர் போடுறானோ அதையே எல்லாரும் போடுவானுங்களாம். ஆட்டு மந்தைதான? முன்னாடி ஒண்ணு போனா போதும். அவனத்தான் டெலித் இங்க அனுப்பியிருக்கா. கட்சி ஆபீஸுக்கு வாங்கன்னா வரமாட்டான், ஹெலிக்காரன் வீட்டு டீயக் குடிக்கமாட்டான். முடிவெட்ட வர்றதுல கௌரவம் போகாது பாரு. எங்க அப்பா ரொம்ப சாந்தமானவரு, ரெண்டு வார்த்தை பேசிப் பாருங்கன்னு சொல்லி வச்சிருக்கா. எனக்குத் தனியா உத்தரவு. அப்பா, மழையப் பத்திப் பேசு, ரக்பி வேண்டாம், பாட்டுப் போட்டி வேண்டவே வேண்டாம்னு.

பேசமாட்டேன். வரட்டும். கோட்டு, டை, வழுவழுன்னு காரு, அப்படித்தான் இருப்பான். கிளப் காசுல வளந்த தொப்பை. வந்தா நாற்காலியத் துடைச்சு, வாங்க ஐயா உக்காருங்க ஐயான்னு சக்கரையா உருகிட மாட்டேன்? அதுவரைக்கும் உன் கிட்டயாவது உள்ளத உள்ளபடி கொட்டிக்கிறேன். நீ பாவம், சேறும் பூட்ஸுமா வந்து உக்காந்த, வாயத் திறக்கல. உன்ன மாதிரி ஆளுக்கு அந்த நம்பர் போடுற உரிமை இருந்தா நாடு உருப்படும்.

போன் அடிக்குது. இரு, அப்படியே இரு. வலப்பக்கம் இன்னும் தொடவே இல்ல.

...சொல்லு டெலித். இல்ல, இன்னும் வரல. ஜன்னலத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்... காரு இல்லையா? பஸ்ஸுலயா... பண்ணையிலேருந்து நேரா... ம். பேசமாட்டாரு, ஆனா எதையும் மறக்கமாட்டாரு... ம். அடையாளமா? எந்தக் காது?

...இல்லம்மா. லைன் நல்லாத்தான் இருக்கு. வந்துட்டாரு. ஆமா, வந்துட்டாரு. மழையப் பத்தித்தான் பேசிக்கிட்டிருக்கோம். வைக்கிறேன்.

...

நல்ல மழைங்க வெளிய.

பேரக் கூடக் கேக்கலையே நான். வேண்டாங்க, சொல்ல வேண்டாம். துண்டு இறுக்கமா இருக்கா? தளத்துறேன். தலைய எப்படி வேணும்னாலும் ஆட்டுங்க.

திராட்சை பாருங்க, கம்மியாப் போட்டாத்தான் உடம்புக்கு நல்லது. எங்க ஊருல அள்ளிப் போட்டு எல்லாருக்கும் சக்கரை. அப்புறம் அந்தப் பாட்டுப் போட்டி... நடுவரு நிஜமாவே செவிடுதாங்க. எனக்குத் தெரியும், எங்க சித்தப்பாதான் அவரு. மைதானம் சரிவுன்னா தண்ணி நிக்காது, எங்களுது ஏரி மாதிரி கிடக்கும். உங்க காதுக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லைங்க. நான் அந்த வருஷமெல்லாம் பெஞ்சுலதான் உக்காந்திருந்தேன். என்னை எறக்கவே இல்ல.

ஐயா, எந்திரிக்காதீங்க. வலப்பக்கம் அப்படியே நிக்குது. இப்படியே கூட்டத்துக்குப் போனா ஊரு என்ன சொல்லும்? ஹெலிக்காரன் வேலைன்னு உங்க தலையே சொல்லுமே. அஞ்சு நிமிஷம். வாயத் திறக்கமாட்டேன்... காசு வேண்டாங்க. பாதி வேலைக்கு எதுக்குக் காசு. அட, முழுக்காசையும் வச்சா எப்படி?

இதையாவது போட்டுக்கோங்க. என் தொப்பிதான், சுத்தமானது. ஆமா, முன்னாடி எங்க கிளப் சின்னம் இருக்கு... பிய்ச்சு எடுக்கவா? ஓ. உள்பக்கத்த வெளிய திருப்பிக்கிறீங்களா. சரி. அதுவும் சரிதான். தையல் தெரியுது, பரவால்ல.

நான் பேசினத வச்சு அவளப் பாக்காதீங்க. சேத்துல நின்னா பாருங்க, அத மட்டும் பாருங்க. அவ என்ன மாதிரி இல்ல, அவங்க அம்மா மாதிரி. ஐயா. ரெண்டுன்னு ஒரு நம்பர்...

போயாச்சு. கதவையும் சாத்தாம.

...

டெலித்தா? அப்பாதான். கிளம்பிட்டாரு. ம், தொப்பியெல்லாம் குடுத்து அனுப்பினேன்... என்ன சொன்னாரா? ஒண்ணுமே சொல்லலம்மா. நீதான சொன்ன, பேசமாட்டாருன்னு. இங்க பாரு, நான் சொல்றதக் கேளு. ஒருவேளை மூணாவதா வந்தா மனச விட்டுராத. உன் மேல குத்தமில்ல. என் மேலயும் இல்ல. எல்லாம் கார்டிஃப்காரன் போட்ட அந்தச் சட்டம். ரெண்டு பள்ளத்தாக்க ஒட்டச் சொல்லி எவன் கேட்டான்?

சரி சரி, அழாத. நாளைக்கு எத்தனை மணிக்குக் கடைக்கு வர்ற?