புதுப் பம்ப்

எண்பதுகளின் இறுதியில் ஒருநாள், சிங்கப்பூரில் தேக்காவிலிருந்து கிளமெண்டிக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இளையவர் சொன்னார்:

“தண்ணி சுத்தம் பண்ற ஓசோன் மெஷினுக்கு நேத்துதான் புதுக் காத்து பம்ப் மாட்டினாங்க அக்கா. குடிக்கத்தான் என் வீட்டுக்காரர் இல்ல.”

“பழசு எப்ப நின்னுச்சு?”

“அவரு போறதுக்கு மூணு வாரம் முன்னாடி. அந்தத் தண்ணிதான் தன்னைக் குணப்படுத்தும்னு நம்பிட்டு இருந்தாரு. பம்ப் ஸ்டாக் இல்லன்னுட்டாங்க. குழாய்த் தண்ணியக் கொதிக்க வச்சு ஆத்தி, மெஷின் தண்ணின்னு குடுத்தேன்.”

“கண்டுபிடிக்கலையா?”

“ருசியா இருக்குன்னாரு. கடைசி வாய்த் தண்ணியும் பொய் சொல்லித்தான் ஊத்தினேன்.”

இளையவர் அழுதார். பஸ் நின்றதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அக்கா, உங்க ஸ்டாப் வந்துருச்சு” என்றார்.

“போகட்டும் லா. நீ அழு.”