சிலைக்கு மட்டும் விளக்கு

மேடையில் அமர்ந்திருக்கும் மேயர் ஃபுனாகோஷி அவர்களே, குமாநோசே கால்பந்துக் கழகத்தின் தலைவர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் திருமதி ஓனோதெரா ஃபுசாயே அவர்களே, ஆட்டக்காரர்களே, இந்தப் பனியில், வழுக்காமல் இருக்கச் சக்கரத்தில் சங்கிலி கட்டிய வண்டிகளிலும் நடந்தும் வந்து சேர்ந்த ஊர்மக்களே! உங்கள் எல்லோரையும் தலை தாழ்த்தி வணங்குகிறேன்.

என் பெயர் இதாகாக்கி. கழகத்தின் அலுவலக வேலைகளைப் பார்ப்பவன். பேருந்துக்குச் சொல்லி வைப்பது, சீருடைகளைச் சரிபார்ப்பது, லீக் அலுவலகத்துக்கு விண்ணப்பம் எழுதுவது, இவைதான் எனக்குத் தெரியும். மேடைப் பேச்சு தெரியாது. ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். எழுதி வந்ததை வீட்டில் கடிகாரம் வைத்துப் படித்துப் பார்த்தேன், சரியாக வந்தது. ஆனால் எனக்கு முன்னால் பேசிய மேயர் அவர்கள் ஓர் அறிவிப்புச் செய்தார்கள். மறைந்த நம் பயிற்சியாளர் ஓனோதெரா கென்சாகுவுக்கு ரயில் நிலையத்தின் முன்னால் வெண்கலச் சிலை வைக்கப்போகிறார்களாம். இரவிலும் தெரியும்படி கீழிருந்து விளக்குப் போடுவார்களாம். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். தட்டிக்கொண்டிருக்கும்போதே என் தாள் பயனற்றுப் போய்விட்டது என்று தெரிந்தது.

விளக்கு! கென்சாகு இருபது வருடங்களாக இந்த ஊரிடம் கேட்டது அது ஒன்றைத்தானே? அதை அவருடைய சிலைக்கா போடுவது?

மன்னிக்க வேண்டும். வரிசையாகச் சொல்கிறேன். வரிசை தப்பினால் எனக்குப் பேச்சு வராது.

யார் இந்த ஓனோதெரா கென்சாகு? மரம் அறுக்கும் தொழிலாளியின் மகன். பள்ளி முடிந்ததும் நம் காகித ஆலையில் சேர்ந்தவர். அப்போது தொழில்முறை லீக் என்று ஒன்று கிடையாது. காலையில் காகிதக்கூழ்த் தொட்டி, மாலையில் ஆலை அணியின் இடது பக்கக் காப்பு. பந்தை விட வேகமாக ஓடிவிடுவார். பிறகு திரும்பி வந்து பந்தை அழைத்துப் போவார். அதைப் பார்க்கவே ஆலை வாசலில் கூட்டம் நிற்கும். தொழில்முறை லீக் தொடங்கியபோது அவருக்கு முப்பது தாண்டிவிட்டது. அந்த வயதிலும் ஒரு பெருநகர அணி அவரை எடுத்துக்கொண்டது. அங்கே ஒரே ஒரு கோல் அடித்தார். சொந்த வலைக்குள்! அதை அவர் மறைத்தாரா? எந்த மேடையில் அவரை அறிமுகம் செய்தாலும் முந்திக்கொண்டு சொல்வார்.

"பெரிய லீக்குல நானும் ஒரு கோல் போட்டிருக்கேங்க. சந்தேகம்னா எங்க கோல்கீப்பரைக் கேளுங்க. அவன் இன்னும் மறந்திருக்க மாட்டான்!"

முழங்கால் போனது. ஊர் திரும்பினார். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டே, பயிற்சியாளர் தேர்வுகளை ஒவ்வொரு படியாக எழுதி மேல்படி வரை போனார். அந்தச் சமயத்தில்தான் ஆலை மூடப்பட்டது. அணி அனாதையானது. ஊர் அதை எடுத்துக் கழகமாக்கியது, கென்சாகு பயிற்சியாளரானார்.

நம் மைதானத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மார்ச் கடைசி வரை அது பனிக்கு அடியில் கிடக்கும். மற்ற அணிகள் புல்லில் ஓடும்போது நம் பையன்கள் மீன் சந்தைக் கொட்டகையில் ஓடினார்கள். ஏலம் முடிந்து, தரையைக் கழுவிவிட்ட பிறகு, அந்த ஈரத்தில். பருவத்தின் முதல் ஆட்டங்கள் எல்லாமே வெளியூரில்தான். தெற்கே ஓர் ஊரில் எதிரணிக்காரன் மூக்கைப் பிடித்துக்கொண்டு கேட்டான், "ஏம்பா, உங்க கோச் ஆளு சேர்க்குறது கடல்லயா?" கென்சாகு எல்லைக்கோட்டில் நின்றபடியே கத்தினார், "ஆமாண்டா தம்பி, கானாங்கெளுத்தி! பிடிச்சுப் பாரு, வழுக்கும்!" அன்று ஜெயித்துவிட்டு வந்தோம்.

பனியைப் பற்றி அவர் ஒருநாளும் முறையிட்டதில்லை. முறையிட்டது விளக்கைப் பற்றித்தான். ஏன்? மூன்றாம் பிரிவிலிருந்து இரண்டாம் பிரிவுக்குப் போக, ஆட்டத்தில் ஜெயித்தால் மட்டும் போதாது. சொந்த மைதானத்தில் இரவு ஆட்டத்துக்கு உரிய வெளிச்சம் இருக்க வேண்டும். இருந்தால்தான் லீக் அனுமதி கொடுக்கும். நம் மைதானம் நகராட்சிக்குச் சொந்தம். ஆகவே விளக்கை நகராட்சிதான் போட முடியும். கணக்கு இவ்வளவுதான். பள்ளிப் பிள்ளைக்கும் புரியும்.

திங்கட்கிழமை ஆட்டக்காரர்களுக்கு ஓய்வு. கென்சாகுவுக்கு அது நகராட்சி நாள். பயிற்சி உடையோடு போய் இரண்டாம் மாடிப் பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார். நானும் கோப்போடு போவேன். விளையாட்டுப் பிரிவு அலுவலர் மிகவும் மரியாதையாகத் தேநீர் கொடுப்பார். மிகவும் மரியாதையாக, "சாதகமாகப் பரிசீலிக்கிறோம்" என்பார். நான் எழுந்து குனிந்து வணங்கிவிட்டுக் கிளம்புவேன். கென்சாகு கிளம்ப மாட்டார். ஒருநாள் மாடிப்படியில் அவரிடம் மெதுவாகச் சொன்னேன்:

"கென்சாகு-சான், அப்படிச் சொன்னா முடியாதுன்னு அர்த்தம்ங்க."

"முடியாதுன்னா முடியாதுன்னே சொல்லலாமேய்யா! நான் வீட்டுக்குப் போயிச் சூடா நூடுல்ஸ் சாப்பிட்டிருப்பேன். இந்த டீயைக் குடிச்சுக் குடிச்சு வயிறு கெட்டதுதான் மிச்சம்."

அப்படிச் சொன்னவர் அடுத்த திங்கட்கிழமையும் போனார். ஆமாம், போனார்! முடியாது என்ற சொல் அவர் காதில் விழாதவரை அவருக்கு அது "முடியும்"தான்.

எட்டு வருடங்களுக்கு முன்னால் நாம் மூன்றாம் பிரிவில் முதலிடம் பிடித்தோம். உங்களில் பலர் அன்று அழுதீர்கள். ஊர்வலம் நடந்தது. கோப்பை வந்தது. அனுமதி வரவில்லை. விளக்கு இல்லை என்று ஒரே வரியில் பதில் வந்தது. நமக்குக் கீழே முடித்த அணி மேலே போனது. முதலிடம் பிடித்த நாம் இருந்த இடத்திலேயே இருந்தோம். உடை மாற்றும் அறையில் அணித்தலைவன் நராவொக்கா கேட்டதை நான் கதவருகே நின்று கேட்டேன்.

"கோச், ஜெயிச்சா மேல போவோம்னுதானே சொன்னீங்க?"

"சொன்னேன்ப்பா."

"ஜெயிச்சிட்டோமே."

எதிரணி, நடுவர், பத்திரிகைக்காரர் எல்லோருக்கும் பதில் வைத்திருந்த அந்த மனிதர் பையன்கள் முன்னால் தலை குனிந்து அப்படியே நின்றார். அந்தக் குளிர்காலத்தில் அணியில் பாதிப்பேர் வேறு ஊர்களுக்குப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியுமா? ஓர் ஆட்டக்காரனுடைய கால்களுக்கு எத்தனை வருடம் ஆயுள்? நராவொக்கா மட்டும் போகவில்லை. இன்று பயிற்சியாளராக அதோ, மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். சென்ற பருவத்தில் அவருடைய அணி மூன்றாம் இடத்தில் முடித்தது. வரும் பருவத்தில் மேலே போகும் தகுதி அதற்கு உண்டு என்பது என் கணிப்பு. நான் அதிகமாகக் கணிக்கிறவன் அல்ல.

ஆனால் அடுத்த மாதம் கூடும் நகரமன்றம் விளக்குக்கு நிதி ஒதுக்கினால்தான் இலையுதிர்காலத்துக்குள் வேலை முடியும். ஒதுக்காவிட்டால்? மறுபடியும் ஜெயிப்போம். மறுபடியும் ஊர்வலம் போவோம். மறுபடியும் ஒரு பையன் "ஜெயிச்சிட்டோமே" என்பான். இந்த முறை தலை குனிந்து நிற்கப்போவது நராவொக்கா!

ஜனவரியில் மருத்துவமனையில் கென்சாகுவைப் பார்த்தேன். மூச்சுக்கு நடுவே நடுவே பேசினார்.

"எனக்குக் கூட்டம் போடுவாங்க. நீதான் பேசணும்."

"எனக்கு மேடைன்னா நடுக்கம்ங்க. தலைவர் நல்லாப் பேசுவாரு."

"அவரு என்னைப் புகழுவாரு. நீ நடுங்கிக்கிட்டே பேசு, பரவாயில்ல. விளக்கைக் கேளு."

"மேயர் முன்னாலயா?"

"பின்ன, கடல் முன்னாலயா?"

அவருடைய மனைவி ஃபுசாயே அவர்கள் பக்கத்தில் இருந்தார்கள். சிரித்துவிட்டார்கள். சற்று முன் சிலை என்று அறிவித்ததும் அவர்கள் பக்கத்து இருக்கையில் இருந்த என்னிடம் குனிந்து சொன்னதையும் சொல்லிவிடுகிறேன்: "வீட்டுலயே ஒரு இடத்துல நின்னதில்ல மனுஷன். அவரைப் போயி நிக்க வைக்கிறாங்களாமே."

பிப்ரவரியில் நம் ரயில் நிலைய வாசல் எப்படி இருக்கும்? அந்தச் சிலை இடுப்பு வரை பனியில் புதைந்திருக்கும். தலையில் பனித்தொப்பி. கீழிருந்து விளக்கு. அந்த வெளிச்சத்தில் யார் விளையாடப்போகிறார்கள்? அதே நேரத்தில் நம் மைதானம் இருட்டில் கிடக்கும். நடுவில் ஐந்து நிமிட நடை. அந்த விளக்குகளை ஐந்து நிமிடம் தள்ளிக் கொண்டுபோய் வைக்க முடியாதா?

மேயர் அவர்களே, வேறு எதற்கும் உங்களை நான் தொந்தரவு செய்ததில்லை. ஒரே கேள்வி. சிலை வேண்டாம். மைதானத்துக்கு விளக்கு உண்டா, இல்லையா?

என்ன சொல்கிறீர்கள், ஐயா? சற்று உரக்கச் சொல்லுங்கள். "சாதகமாகப் பரிசீ..."

ஐயா, அந்தச் சொல் வேண்டாம். அவருடைய படத்துக்கு முன்னால் அந்தச் சொல் மட்டும் வேண்டாம். உண்டு என்றால் உண்டு என்று சொல்லுங்கள். இல்லை என்றால் இல்லை என்று சொல்லுங்கள். நாங்கள் வீட்டுக்குப் போய்ச் சூடாக ஏதாவது சாப்பிடுவோம்.

மேயர் அவர்கள் தண்ணீர் குடிக்கிறார்கள். சரி. தலைவர் அவர்கள் கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார். ஐந்து நிமிடம் எப்போதோ முடிந்துவிட்டது. என் வாழ்வில் முதன்முறையாக நேரம் தவறியிருக்கிறேன். இன்னும் ஒரு நிமிடம் பேசிவிட்டுத்தான் இறங்குவேன்.

கென்சாகு-சான், நீங்கள் சொன்னபடி கேட்டுவிட்டேன். பதில் வரவில்லை. பதில் வராவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் நீங்களே காட்டிவிட்டுப் போயிருக்கிறீர்கள். நான் அதைச் செய்வேன். வரும் திங்கட்கிழமை காலை, அலுவலகம் திறக்கும் நேரத்தில், நகராட்சியின் இரண்டாம் மாடியில் இருப்பேன். அதற்கடுத்த திங்கட்கிழமையும் இருப்பேன். இந்த முறை குனிந்து வணங்கிவிட்டுக் கிளம்ப மாட்டேன்.

அந்தப் பெஞ்சில் நான்கு பேர் உட்காரலாம். ஓர் இடம் எனக்கு. இன்னொன்று ஃபுசாயே அவர்களுக்கு, அவர்கள் தலையசைக்கிறார்கள். நராவொக்கா எழுந்து நிற்கிறார், சரி, மூன்று. மிச்சம் ஒரே ஓர் இடம்தான்.

இந்த அரங்கம் நிறைய ஆட்கள் இருக்கிறோம். மற்றவர்கள் தயவுசெய்து நிற்கத் தயாராக வாருங்கள்.