கறுத்த பனியில் ஒரு கார்

இந்த அறை எங்கள் வீட்டைவிட வெதுவெதுப்பாக இருக்கிறது. நீங்கள் கொடுத்த கொக்கோவும் நன்றாக இருந்தது. அவசரமில்லை என்றீர்கள் மேடம், அதனால் நிதானமாகவே சொல்கிறேன். எனக்குப் பதினாறு வயது. என் தம்பி ஆர்விட்டுக்கு ஒன்பது.

பிறந்ததிலிருந்தே அவனுக்குக் கால்கள் நிற்காது, பேச்சு வராது. ஆனால் எல்லாம் புரியும். அவன் சக்கர நாற்காலியில் ஒரு ரப்பர் ஹார்ன் உண்டு. ஒரு முறை அழுத்தினால் சரி. இரண்டு முறை என்றால் வேண்டாம். விடாமல் அழுத்தினால், சிக்னி, வா. அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. ஆகவே வருவது எப்போதும் நான்தான். தலைக்கு சோப்பு போட்டிருக்கும்போது வா. கையிலிருக்கும் புத்தகத்தில் வேறு ஏதோ நாட்டில் மழை பெய்துகொண்டிருக்கும்போது வா.

துலூத்து நகரத்தில் பெரியம்மா வீட்டில் தங்கிப் படிக்கிறேன் என்று போன கோடையில் கேட்டேன். அம்மா உருளைக்கிழங்கு உரிப்பதை நிறுத்தவில்லை.

"நீ போயிட்டா அவன யாருடி பாத்துக்கிறது? நீதான அவனுக்குக் காலு."

அவள் அன்பாகத்தான் சொன்னாள். காலாக இருப்பவளுக்குத் தனியாகப் போக இடம் ஏது என்று நானும் விட்டுவிட்டேன்.

தெருப் பிள்ளைகள் ஆர்விட்டைப் பேய் என்று கூப்பிட்டார்கள். பக்கத்து வீட்டுக் கோல்பிதான் அதற்குத் தலைவன். ஹார்ன் கேட்டால் போதும், "டேய், பேய் கொட்டாவி விடுதுடா" என்பான். "ஏய் சிக்னி, உன் பேய்க்கு இன்னிக்கு எண்ணெய் போட்டியா?" அவன் தங்கை டெஸ்ஸா மட்டும் சிரிக்கமாட்டாள். சின்னப் பெண், இன்னும் பல் விழுந்துகொண்டிருக்கிறது.

எனக்குப் பொறுக்கவில்லை. அவர்களுக்கு ஒரு நிஜப் பேயைக் கொடுத்தேன். உறைந்த ஏரியைக் காரில் குறுக்கே கடந்த ஒரு தபால்காரர் மூழ்கிப்போனார், அடியிலிருந்து இன்னும் ஹார்ன் அடிக்கிறார் என்றேன். ஏரிப் பக்கம் அது கேட்டால் திரும்பிப் பார்க்காமல் ஓட வேண்டும். பெரியவர்களிடம் சொல்லக் கூடாது.

"சொன்னா என்ன ஆகும்?" என்றான் கோல்பி.

"அன்னிக்கு ராத்திரி உங்க வீட்டு வாசல்ல அடிக்கும்."

எங்கள் ஊர் வழக்கத்தில் நீங்களும் சேர்ந்திருப்பீர்கள். எஞ்சின் கழற்றிய பழைய கார் ஒன்றைக் குளிர்காலத்தில் ஏரிமேல் இழுத்து நிறுத்துகிறோம். வசந்தத்தில் பனி உடைந்து எப்போது அது மூழ்கும் என்று ஊரே ஊகித்துச் சீட்டு எழுதிப் போடுகிறது. இந்த வருடம் ஒரு நீல நிறக் கார். கண்ணாடி முழுக்கப் பள்ளிப் பிள்ளைகள் பூ வரைந்திருந்தார்கள், உள்ளே இருப்பது வெளியே தெரியாது.

பள்ளிவிட்டு வந்ததும் ஆர்விட்டைச் சறுக்கு வண்டியில் இழுத்துப் போய் ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைப்பேன். நாற்காலியிலிருந்து கழற்றிய ஹார்ன் அவன் மடியில் இருக்கும். அவன் அழுத்துவான், கரையில் பிள்ளைகள் சிதறி ஓடுவார்கள். சிரித்துச் சிரித்து அவனுக்கு எச்சில் வழியும். வாழ்க்கையில் முதல் முறையாக மற்றவர்கள் அவனைக் கண்டு பயந்தார்கள். அது அவனுக்கு நான் கொடுத்தது.

முதலில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து படித்தேன். பிறகு கரையில். பிறகு வீட்டில். ஹார்ன் கேட்டால் அந்தப் பக்கத்தை முடித்துவிட்டுப் போவேன். போகப் போக அத்தியாயத்தை முடித்துவிட்டு. அவன் காத்திருக்கக் கற்றுக்கொண்டான்.

இங்கே பிறந்தவர்களுக்குப் பனியின் நிறம் தெரியும். வெள்ளை தாங்கும். சாம்பலை நம்பக் கூடாது. கறுத்துவிட்டால் நாயைக்கூட விடமாட்டோம். இந்த வாரம் உங்கள் போலீஸ் ஆட்கள் கரையோரம் கயிறு கட்டினார்கள். மறுநாள் நான் கயிற்றைத் தூக்கிப் பிடித்து வண்டியை அடியில் நுழைத்தேன். காலடியில் பனி கண்ணாடி வளையல்போல் கிணுகிணுத்தது. ஆர்விட் இரண்டு முறை அழுத்தினான். அவனும் இந்த ஊர்ப் பிள்ளைதான்.

"கொஞ்ச நேரந்தான்டா" என்றேன்.

இருக்கைப் பட்டையை மாட்டிவிட்டேன். எப்போதும் மாட்டுவதில்லை. அன்று, சரிந்து விழுந்துவிடக் கூடாதே என்று தோன்றியது. பிறகு வெறும் சறுக்கு வண்டியை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து அடுப்பை மூட்டினேன்.

ஹார்ன் விடாமல் கேட்டது. ஜன்னலைச் சாத்தினேன். சாத்தும்போது கோல்பி கரையிலிருந்து ஓடுவது தெரிந்தது. நான் வைத்த விதியை அவன் மீறவில்லை, யாரிடமும் சொல்லவில்லை.

டெஸ்ஸாதான் மீறினாள். அவள் அப்பாவும் மற்றவர்களும் காப்பிக் கடை ஜன்னலில் நின்று ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம்.

"அப்பா, தபால்காரர் அழுறாரு."

"இருடி செல்லம், கார் சாயுது பாரு. ஏய், மணி என்னப்பா? என் சீட்டுதான் ஜெயிக்கப் போகுது."

கடையே கைதட்டியதாம்.

"அப்பா, அவருகிட்ட ஆர்விட்டோட ஹார்ன் இருக்கு."

அதற்குப் பிறகுதான் அவர் கோப்பையைக் கீழே வைத்தார். அவர்கள் படகைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது காரின் கூரை மட்டும் வெளியே இருந்தது. பட்டையை அறுக்கத்தான் நேரமாகிவிட்டது என்றார்கள்.

மூச்சு இருக்கிறது, கண் திறக்கவில்லை என்று நீங்கள்தான் சொன்னீர்கள். துலூத்து ஆஸ்பத்திரியில் அம்மா பக்கத்திலேயே இருக்கிறாளாம். நான் போக ஆசைப்பட்ட ஊரில் இப்போது அவர்கள் இரண்டு பேரும் இருக்கிறார்கள்.

பேய்க் கதையை முதன்முதலில் எப்போது சொன்னேன் என்று கேட்கிறீர்கள். டெஸ்ஸா சொல்லியிருப்பாள். ஆமாம், இலையுதிர்காலத்தில், பிள்ளைகள் பேய் வேஷம் போட்டுக்கொண்டு மிட்டாய் கேட்டு எங்கள் வாசலுக்கு வந்த அன்று. ஏரி அப்போது உறையவே இல்லை. அதற்கு முன் ஆர்விட்டை யாரும் பேய் என்று கூப்பிட்டதில்லை, அதுவும் சரிதான். என் கதையைக் கேட்ட பிறகுதான் கோல்பிக்கு அந்தப் பெயர் தோன்றியது. வசந்தத்தையும் காரையும் நினைத்துத்தான் சொன்னேன். எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் கூப்பிட்டார்கள்தானே, மேடம். அவ்வளவு பேர் கேலி செய்யும்போது அவனைக் காப்பாற்ற என்னை விட்டால் வேறு யார் இருந்தார்கள்?