இடது கை சும்மா இருக்கும் இடம்

அண்ணி: நிறுத்து, நிறுத்து. அந்த நோட்டு எங்கேருந்து வந்துச்சு?

தம்பி: எந்த நோட்டு?

அண்ணி: இப்ப உன் லேப்டாப் வாசிச்சுதே… நல்லா போய்க்கிட்டிருக்கும்போது தட்டுல கரண்டி விழுந்த மாதிரி ஒண்ணு.

தம்பி: அண்ணன் கையால எழுதின இசைத்தாள்ல இருக்கிறதுதான் அண்ணி. இதோ பாருங்க, மூணாவது கோட்டு மேல. உருண்டையா, தெளிவா இருக்கு.

அண்ணி: வால் எங்கே? நோட்டுன்னா குச்சி மாதிரி ஒண்ணு ஒட்டியிருக்கணுமே.

தம்பி: வால்… போட மறந்திருப்பாரு.

அண்ணி: உங்கண்ணன் சாப்பிட மறப்பார். வால் போட மறக்க மாட்டார். அந்தத் தாளை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடி.

தம்பி: பிடிச்சாச்சு.

அண்ணி: என்ன நிறம்?

தம்பி: …பழுப்பு.

அண்ணி: மத்த நோட்டெல்லாம்?

தம்பி: கறுப்பு.

அண்ணி: அது டீ. அவர் சிந்தின டீயை நீ நோட்டாக்கி உள்ளே ஏத்திட்டே. அந்த மெஷினும் வெட்கமே இல்லாம வாசிச்சுக் காட்டுது.

தம்பி: மெஷின் சொன்னதைச் செய்யும் அண்ணி. சந்தேகப்படுறது நம்ம வேலை. அண்ணன் ஸ்வரத்தை ஏத்துற ஷார்ப் குறி ஒண்ணு போட்டா நசுக்கின கொசு மாதிரி இருக்கு. இதைப் படிக்கிறதுக்கே எனக்குக் கண்ணாடி மாத்தணும்.

அண்ணி: பியானோகிட்ட உட்கார்ந்து, ஒரு கையால வாசிச்சுக்கிட்டே இன்னொரு கையால எழுதினா கொசு மாதிரிதான் இருக்கும். நீ எழுதிப் பாரு, யானை மாதிரி வரும்.

தம்பி: எழுத வேண்டாம்னுதானே இது கண்டுபிடிச்சாங்க! நடுவுல ஒரு தாளக் கட்டம் சேர்க்கணும்னா அண்ணன் தாள் முழுக்கத் திருப்பி எழுதுவாரு. இதுல ரெண்டு தட்டு, முடிஞ்சுது. இல்லேன்னா இத்தனை உருப்படியையும் இன்னிக்குச் சாயங்காலம் அச்சகத்துக்கு அனுப்ப முடியுமா?

அண்ணி: சரி, சரி. உன் மெஷின் கெட்டிக்கார மெஷின். காலைத் தட்டாதே.

தம்பி: தட்டலையே.

அண்ணி: தட்டுறே. மேஜை ஆடுது. சின்ன வயசுலேருந்து இதே கதை… பாட்டு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே உன் கால் ஆரம்பிச்சிடும். அடுத்தது போடு. சனிக்கிழமை மேடையில வாசிக்கப் போறவ நான், எனக்குக் காது பழகணும்.

தம்பி: கேளுங்க. இது எனக்கே ரொம்பப் பிடிச்சது.

அண்ணி: ம்… ம்… நல்லாருக்கு. அட, இதை மறந்தே போயிட்டேன்… இரு. இங்கே இடது கை ஏன் வாசிக்குது?

தம்பி: அது வந்து… அங்கே அண்ணன் இடது கைக்கு ஒண்ணுமே எழுதல. வெறும் கட்டம். மேல வலது கை மட்டும் அநாதையா ஓடிக்கிட்டிருக்கு. மறந்துட்டாருன்னு, முந்தின கட்டத்துல இருந்ததையே காப்பி பண்ணிப் போட்டேன்.

அண்ணி: மறந்துட்டார்.

தம்பி: ஒரு இடம்னா நானும் விட்டிருப்பேன் அண்ணி. ஆனா ஒவ்வொரு உருப்படியிலயும் நாலஞ்சு இடத்துல இப்படி ஓட்டை. எல்லாத்தையும் அடைச்சிட்டேன்.

அண்ணி: எல்லாத்தையும்?

தம்பி: எல்லாத்தையும்.

அண்ணி: திரும்ப ஆரம்பிச்சுட்டியா நீ…

தம்பி: அதைச் சொல்லாதீங்க அண்ணி.

அண்ணி: சொல்லாம? கம்ப்யூட்டர் சிவப்பா காட்டுச்சுன்னு அன்னிக்கு அவரோட அஞ்சாவது தாளத் தட்டை வெட்டி எறிஞ்சே. மேடையில அத்தனை பேர் முன்னாடி, இல்லாத தட்டைத் தேடி அந்த மனுஷன் நின்னு போயிட்டார்.

தம்பி: ஒரு கட்டத்துக்கு நாலு தட்டுன்னு அவரே மேல எழுதியிருந்தாரு! ஒரே ஒரு கட்டத்துல மட்டும் அஞ்சு இருந்தா தப்புன்னுதானே நினைப்பேன்?

அண்ணி: கேட்டிருக்கலாமே.

தம்பி: பிறந்த நாளுக்கு ஆச்சரியமா இருக்கட்டும்னு நினைச்சேன். அச்சடிச்சு, அட்டை போட்டு, ரிப்பன் கட்டி…

அண்ணி: ஆச்சரியமாத்தான் இருந்துச்சு.

தம்பி: சிரிக்காதீங்க. நான் அவர் பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தேன், எப்பவும் போல பக்கம் புரட்ட. வாசிச்சு முடிச்சிட்டு என் முகத்தைக்கூடப் பார்க்கல. "இனிமே என் பக்கத்துல உட்காராதே." அவ்வளவுதான். உட்காரல. அதுக்கப்புறம் இந்த ரூமுக்கு இன்னிக்குத்தான் வரேன். அவர் நாற்காலி காலியானப்புறம்.

அண்ணி: …டீ குடிக்கிறியா?

தம்பி: வேண்டாம். அதையும் நோட்டுன்னு நினைச்சு ஏத்திடுவேன்.

அண்ணி: வாய் மட்டும் அப்படியே இருக்கு. எழுந்திரு. வா, பியானோகிட்ட உட்காரு.

தம்பி: நான் எதுக்கு? கை துருப்பிடிச்சுப் போச்சு.

அண்ணி: உட்காருடா. இந்தத் தாளை ஸ்டாண்டுல வச்சாச்சு. இப்ப நீதான் உங்கண்ணன். பக்கத்துல யாரும் இல்ல. கடைசி வரியை மெதுவா வாசி. தப்பா வந்தாலும் பரவாயில்ல.

தம்பி: …ம்… இங்கே… இப்படி… அப்புறம் இது…

அண்ணி: பக்கம் முடியப் போகுது.

தம்பி: தெரியுது.

அண்ணி: யார் புரட்டுறது?

தம்பி: நான்தான்… இல்ல, நான் அண்ணன். அப்ப அவரேதான் புரட்டணும்.

அண்ணி: எந்தக் கையால?

தம்பி: வலது கை ஓடிக்கிட்டிருக்கு, எடுக்க முடியாது. இடது கை… இடது கை சும்மா இருக்கு.

அண்ணி: ம்.

தம்பி: ஐயோ. இது ஓட்டை இல்ல.

அண்ணி: இல்ல.

தம்பி: பக்கம் புரட்டுறதுக்கு இடம் விட்டிருக்காரு! பாட்டுக்குள்ளேயே!

அண்ணி: இப்பவாவது தெரிஞ்சுதே. அதைத்தான் நீ கல்லும் மண்ணும் போட்டு அடைச்சு வச்சிருக்கே.

தம்பி: அதான்… அதான் பக்கம் புரளுற சத்தமே கேட்காது. கை மெத்துனு போய்ப் புரட்டிட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி திரும்பி வந்து உட்கார்ந்துக்கும்.

அண்ணி: யார் சொன்னா?

தம்பி: எதை?

அண்ணி: சண்டைக்கு அப்புறம்தானே அவர் தானே புரட்ட ஆரம்பிச்சார். அதை நீ எங்கே பார்த்தே?

தம்பி: யாரோ… வீடியோ எடுத்துப் போட்டிருந்தாங்க.

அண்ணி: உங்கண்ணன் ஒருநாளும் வீடியோ எடுக்க விட்டதில்லையே.

தம்பி: அப்ப யாராவது சொல்லியிருப்பாங்க. பேச்சை மாத்தாதீங்க அண்ணி, எனக்கு வேலை இருக்கு. காப்பி பண்ணினதையெல்லாம் எடுக்கணும்.

அண்ணி: எடு. ஆனா இன்னொரு சிக்கல். உன் மெஷின்ல எழுத்து சின்னது. பக்கம் வேற இடத்துல முடியுது. அவர் விட்ட இடமெல்லாம் நட்ட நடுப் பக்கத்துல வந்து நிக்குது.

தம்பி: அதுக்குத்தான் நான் இருக்கேன். இந்தக் கட்டத்தோட பக்கத்தை முடின்னு சொன்னா முடிக்கும். இதோ… பார்த்தீங்களா? இடது கை சும்மா இருக்கிற கட்டம், பக்கத்தோட கடைசிக் கட்டம். அவர் தாள்ல இருக்கிற மாதிரியே.

அண்ணி: பரவாயில்லையே. சொன்னா கேட்குதே. உங்க குடும்பத்துல சொன்னாக் கேட்கிற முதல் ஆள் இதுதான்.

தம்பி: இனிமே யார் வாங்கி வாசிச்சாலும் தானே புரட்டிக்கலாம், ஆள் வேண்டாம். கம்ப்யூட்டர் இல்லாம இது முடியுமான்னு கேட்கிறேன்!

அண்ணி: முடிஞ்சுதே. பென்சிலால.

தம்பி: சரி, அது ஒரு பாயிண்ட்டு… அண்ணி, ஒண்ணு கவனிச்சேன். பழைய உருப்படிகள்ல இந்த இடமே இல்ல. நான் புரட்டினப்போ எழுதினதுல ஒண்ணுலயும் இல்ல. சண்டைக்கு அப்புறம் எழுதினதுலதான் எல்லாத்துலயும் இருக்கு.

அண்ணி: ஆமாம்.

தம்பி: என்னை உட்காராதேன்னு சொல்லிட்டு, நான் செஞ்ச வேலையை இடது கைக்குக் கொடுத்துட்டாரு.

அண்ணி: அடுத்ததை எடு. ஒண்ணுதான் பாக்கி. கடைசியா எழுதினது.

தம்பி: இதையும் சேர்க்கணுமா? பென்சில் ரொம்ப லேசா இருக்கு.

அண்ணி: விரல்ல அவ்வளவுதான் தெம்பு இருந்துச்சு. சனிக்கிழமை நான் இதைத்தான் முதல்ல வாசிக்கப் போறேன். ஏத்து.

தம்பி: ஏத்துறேன்… கேட்கவே கேட்காதீங்க, இதுல கொசு எல்லாம் எறும்பாயிடுச்சு… ம்… அண்ணி.

அண்ணி: சொல்லு.

தம்பி: இதுல இடம் விடல.

அண்ணி: நல்லாப் பாரு.

தம்பி: பார்த்துட்டேன். பக்கம் புரட்டுற முதல் இடம்… ரெண்டு கைக்கும் நிறைய வேலை. ரெண்டாவது… இதுலயும். மூணாவதுல பாருங்க, பக்கத்தோட ஓரம் வரைக்கும் பத்து விரலும் மாட்டிக்கிட்டிருக்கு. மூச்சுவிடக்கூட இடம் இல்ல. உடம்பு முடியாததால மறந்துட்டாரா?

அண்ணி: திரும்பவும் "மறந்துட்டார்"ங்கிறே.

தம்பி: அப்ப வாசிச்சுப் பார்க்காமலே எழுதினாரா?

அண்ணி: தினம் காலையில வாசிப்பார். ரெண்டு பேர் தாங்கிக் கொண்டுவந்து உட்கார வைக்கணும், ஆனா வாசிப்பார். பக்கம் முடியற இடத்துல அப்படியே நின்னுடுவார். கட்டை மேலேருந்து கையை எடுக்க மாட்டார்.

தம்பி: நின்னு?

அண்ணி: நின்னு காத்துக்கிட்டிருப்பார். பாவமா இருக்குன்னு நான் எழுந்து புரட்டப் போவேன். "நீ உட்காரு. அதுக்கு ஆள் இருக்கு"ன்னுவார்.

தம்பி: ஆளா…

அண்ணி: எறும்பு மாதிரி இருந்தாலும் படிக்க முடியுதா?

தம்பி: …கொஞ்சம் இருங்க. திரை மங்கலா தெரியுது.

அண்ணி: திரை நல்லாத்தான் இருக்கு. மூக்கைத் துடை.

தம்பி: கோபத்தோடவே போயிட்டாருன்னு நினைச்சேன் அண்ணி. கடைசி நாள்லகூட வாசல் வரைக்கும்தான் வந்தேன்.

அண்ணி: தெரியும். வாய்னு ஒண்ணு உங்க ரெண்டு பேருக்கும் எதுக்குக் கொடுத்தாங்கன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல.

தம்பி: நீங்களாவது சொல்லியிருக்கலாமே.

அண்ணி: சொன்னா, அண்ணி சமாதானத்துக்குச் சொல்றாங்கன்னு தலையாட்டிட்டுப் போயிருப்பே. அச்சகத்துலயே டைப் அடிக்க ஆள் இருக்கு, தெரியுமா? உன்கிட்ட ஏன் கொடுத்தேன்? ஒவ்வொரு கட்டமா நீயே ஏத்தினாத்தான் உன் மண்டையில ஏறும்.

தம்பி: சனிக்கிழமைக்கு… ஒரு பெடல் வாங்கித் தரட்டுமா அண்ணி? டேப்லெட்டை ஸ்டாண்டுல வச்சு, காலால மிதிச்சா பக்கம் தானா மாறிடும். தப்பே வராது.

அண்ணி: அந்தப் பெடல் என் முகத்தைப் பார்க்குமா? நான் ஒரு இடத்துல தயங்கினா அதுவும் தயங்குமா?

தம்பி: தயங்காது.

அண்ணி: அப்ப வேண்டாம். நீ வந்து உட்காரு. சட்டையை இஸ்திரி போட்டுக்கிட்டு வா.

தம்பி: சரி அண்ணி. ஆனா… நானும் ஒண்ணு சொல்லணும். வீடியோ எதுவும் கிடையாது. அண்ணன் மேடையில வாசிச்ச ஒவ்வொரு தடவையும் நான் வந்திருந்தேன். விளக்கு அணைக்கிறதுக்கு முன்னாடியே போய், கடைசி வரிசையில தூணுக்குப் பின்னாடி உட்கார்ந்துக்குவேன். அவருக்குத் தெரியவே தெரியாது.

அண்ணி: தூண் உன் உடம்பைத்தான் மறைச்சுது தம்பி, காலை மறைக்கல. ஒவ்வொரு தடவையும் மேடைத் திரையை லேசா விலக்கி, அது தட்டுறதைப் பார்த்துட்டு, "வந்துட்டான், ஆரம்பிக்கலாம்"னு சொல்லிட்டுத்தான் மேடை ஏறுவார்.