டொக்டருக்கு வோட்

கனடாவில், மல்வேர்னிலிருந்து புறப்பட்ட பேருந்தில் என் முன் இருக்கையில் ஒரு தகப்பனும் மகளும். பேச்சிலிருந்து தெரிந்தது: அவர் ஆஸ்பத்திரி வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போகிற டொக்டர். அவள் பல்கலைக்கழகத்தில் சரித்திரம் படிக்கிறவள்.

“அந்தக்காலத்து லண்டனில, டொக்டர்மார் ஆஸ்பத்திரி நிர்வாகத்தாரிட்டை வீடு வீடாப் போய் வோட் கேட்டுத்தான் வேலை எடுத்தவை, அப்பா” என்றாள்.

“அப்பிடியெண்டா எனக்கு எப்பவோ கிடைச்சிருக்கும்.”

“கோயில் நிர்வாகசபை எலெக்‌ஷனுக்கும் வீடு வீடாத்தானே போனீங்கள். விழுந்தது நாலு வோட்.”

“உன்ரை அம்மா கூடப் போடேல்லை.”

“எல்லாரும் போட்டு வெண்டிருந்தா நீங்கள் கோயிலே கதியெண்டு இருந்திருப்பீங்கள். பிறகெங்கை கனடா டொக்டர் சோதினை பாஸ் பண்ணுறது?”

அவர் சிரித்துக்கொண்டே கழுத்துப்பட்டியைச் சரிசெய்தார். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது சாரதியைப் பார்த்துக் கைகூப்பினார்.

“அப்பா, அவருக்கு வோட் இல்லை!”